பெரியும்மா நிரப்பிய தொட்டி

கடல் ஊருக்குள் வந்து திரும்பிப் போன பிறகு, எங்கள் குடும்பம் மீன்களைப் பற்றி இரண்டு விடயங்களை உறுதியாக நம்பியது. கடலில் பிடிபடும் எந்த மீனும் எங்கள் ஆட்களைத் தின்றிருக்கும் என்பது ஒன்று. குளத்தில் பிடிபடுவது மீனே இல்லை என்பது மற்றது. இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் இடையில் அகப்பட்டு, கல்முனைக் கரையில் காலங்காலமாகக் கரைவலை இழுத்த ஒரு குடும்பம், பருப்பும் முட்டையும் நிவாரணத்தில் வந்த ரின் மீனும் தின்று நாட்களைக் கழித்தது. ரின் மீனும் கடல் மீன்தானே என்று ஒருவரும் கேட்கவில்லை. தகரத்துக்குள் அடைபட்டு வெளிநாட்டிலிருந்து வந்த மீனுக்கும் எங்கள் ஊர் ஜனாஸாக்களுக்கும் சம்பந்தம் இருக்க முடியாது என்று பெரியும்மா தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

பெரியும்மா என் உம்மாவின் மூத்த சகோதரி. ஒரே வளவுக்குள் சகோதரிகள் இருவருக்கும் இரண்டு வீடுகள். நடுவில் ஒரு கிணறு. கிணற்றடியில் தண்ணீர் சேர்த்துவைக்கக் கட்டிய ஒரு சீமெந்துத் தொட்டி. கடல் பெரியும்மாவின் வீட்டை ஏனோ விட்டுவிட்டு, எங்கள் வீட்டின் முன்பாதியை எடுத்துக்கொண்டது. உம்மாவையும் எடுத்துக்கொண்டது. கண்டெடுத்த ஜனாஸாக்களில் உம்மா இருக்கவில்லை. வாப்பா பள்ளிவாசல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் முகாம்களுக்கும் அலைந்து களைத்து, ஒரு நாள் தேடுவதை நிறுத்தினார். பெரியும்மா நிறுத்தவில்லை. தங்கை எங்கோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தன் பெயரை மறந்து கிடக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்களைத் தின்றவை என்று கடல் மீன்களை ஒதுக்கியவரும் அவர்தான். தங்கை சாகவில்லை, ஹயாத்தோடு இருக்கிறாள் என்றவரும் அவர்தான். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை ஒன்பது வயதில் நான் கவனித்தேன். கேட்கும் துணிவு வரவில்லை.

தம்பி மிகச் சின்னவன். அலையில் வந்த தகரம் ஒன்று அவனுடைய காலைக் கிழித்திருந்தது. ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். தையல் விட்டுப்போய், புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது.

அந்த நிலையில்தான் வாப்பா, குளமும் வயலும் சூழ்ந்த இறக்காமத்தில் ஒரு விதவையை மறுமணம் செய்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. பெற்றோர் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள்; கலியாணம் முடித்த ஆண் தன் உடுப்புகளோடு அந்த வீட்டுக்குப் போய்ச் சேருவான். அந்த வழக்கப்படி வாப்பா இறக்காமத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். தம்பியின் காலையும் எங்கள் பள்ளிக்கூடத்தையும் காரணம் காட்டி, புது மனைவியை உம்மாவின் வீட்டுக்கே கூட்டிவந்தார். ஊர் அதை மன்னித்தது. அந்த வருடம் ஊர் மன்னிக்க வேண்டியவை நிறைய இருந்தன. பெரியும்மா மன்னிக்கவில்லை.

“ஊட்டுக்காரி வந்து நிண்டு கேட்டா நான் என்ன சொல்ற, மச்சான்?”

“வந்தா என்னக் கூப்பிடுங்க மச்சி. நானே போய்க் கதவத் தொறக்கிறன்” என்றார் வாப்பா. அதற்குப் பிறகு பல நாட்கள் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

புதிதாக வந்தவரைச் சாச்சி என்று அழைக்கும்படி எங்களுக்குச் சொல்லப்பட்டது. வயல் காவலுக்குப் போன அவருடைய முதல் கணவரை யானை அடித்துக் கொன்றிருந்தது. பிள்ளைகள் இல்லை. ஒரு தகரப் பெட்டியோடும், ஈரச் சாக்கால் மூடிய ஒரு வாளியோடும் அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. பெட்டியில் என்ன இருக்கிறது என்று பெரியும்மா கேட்கவில்லை.

“என்னகா அது, வாளிக்குள்ள?”

“விரால், ராத்தா. புண்ணுக்கு நல்லம். புள்ளைக்கு ஆணம் ஆக்கிக் குடுப்பம்.”

சாக்கை விலக்கினார். வாளியில் தண்ணீர் என்று சொல்ல எதுவும் இல்லை. கறுத்து நீண்ட மீன்கள், பாம்புத் தலையோடு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று வாலை அசைத்தது. பெரியும்மா பின்னால் நகர்ந்தார். சூரையும் பாரையும் திருக்கையும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே பெயர் சொல்லக்கூடியவர் அவர். கரைக்கு வந்த மீன் எவ்வளவு நேரம் துடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

“இறக்காமத்திலிரிந்து தண்ணியில்லாம வந்திரிக்கி. இன்னம் உயிரோட இரிக்கி. இது மீனாகா? பாம்புக்குப் பொறந்தது!”

“பாம்பெண்டா இவ்வளவு நேரத்துக்கு வாளிக்குள்ள இரிக்குமா ராத்தா? பஸ்ஸுக்குள்ளயே எறங்கிப் போயிரிக்கும்” என்று சாச்சி சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. பெரியும்மா அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

விரால்கள் கிணற்றடித் தொட்டிக்குப் போயின. சாச்சி தொட்டியில் பாதிக்கு மட்டும் தண்ணீர் விட்டார். மேலே பழைய கரைவலைத் துண்டொன்றை இழுத்துக் கட்டினார். தண்ணீருக்கும் வலைக்கும் இடையில் ஒரு முழத்துக்கு வெற்றிடம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் தொட்டியடியில்தான் இருப்பேன். தண்ணீருக்குள் ஊறிய தடிகளைப் போல அவை அசையாமல் கிடக்கும். தவளைக் குஞ்சு ஒன்றைப் போட்டால், போட்டது தெரியும், போனது தெரியாது. இடையிடையே ஒரு விரால் நிதானமாக மேலே வந்து, மூக்கை வெளியே நீட்டி, வாயைத் திறந்து மூடிவிட்டு மறுபடி அடிக்குப் போகும். சற்று நேரத்தில் இன்னொன்று வரும். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போவதாக எனக்குத் தோன்றும்.

சாச்சி அளவாக ஒரு விராலை எடுத்து, மிளகும் உள்ளியும் சீரகமும் அரைத்துப் போட்டு ஆணம் காய்ச்சுவார். ஆணம் இறங்கும் நேரத்துக்குப் பெரியும்மா வேலியைக் கடந்து வந்துவிடுவார்.

“முதல்ல நீ குடி.”

சாச்சி பிஸ்மி சொல்லி ஒரு கரண்டி குடிப்பார். பெரியும்மா அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சற்றுப் பொறுத்து, தம்பியின் கோப்பையை நிரப்ப அனுமதி கிடைக்கும். ஒரு தடவைகூட சாச்சி முகம் சுளித்து நான் கண்டதில்லை. அந்தப் பொறுமையே பெரியும்மாவுக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

“கெட்ட மனம் இல்லாதவள் கோவிச்சிரிப்பாள்” என்று தன் கணவரிடம், எங்கள் பெரியப்பாவிடம், சொன்னார்.

தம்பிக்கு இந்த அரசியல் எதுவும் பொருட்டில்லை. “சாச்சி, பாம்பாணம் இன்னம் இரிக்கா?” என்று கோப்பையை நீட்டுவான்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள், வீட்டின் முன்பாதியைக் கட்டுவதற்கு மரம் பார்க்கவென்று வாப்பாவும் சாச்சியும் அக்கரைப்பற்றுக்குப் போனார்கள். எங்களைப் பார்த்துக்கொள்ளப் பெரியும்மா வந்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கிணற்றடிக்குப் போனவர், தொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். விரால்கள் வந்ததிலிருந்து அவர் அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்ததில்லை. ஒரு விரால் மேலே வந்து வாயைத் திறந்தது, போனது. மற்றொன்று வந்தது. வாய் திறந்தது. போனது.

“யா றப்பே! இதுகள் தவிக்கிதுகள்” என்றார். “தண்ணி பத்தாம மூச்சு வாங்கிதுகள். பாத்தியா புள்ள? வாயில்லாச் சீவனுகள இப்படி வச்சிட்டுப் போயிரிக்காள், என்ன மனிசிகா இவள்!”

கரைக்கு இழுபட்ட மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதை ஆயிரம் தடவை கண்டவர் அவர். தண்ணீர் போதாத மீன் அப்படித்தான் செய்யும். அவருக்குத் தெரிந்த கடல் முழுவதிலும் அதற்கு வேறு பொருள் இல்லை.

வாளியை எடுத்துக் கிணற்றில் அள்ளத் தொடங்கினார். பாம்புக்குப் பிறந்தவை என்று அவர் அருகே போகாத அந்த மீன்களோடு அன்று பேசினார். “குடிங்க, குடிங்க. இந்தா, இன்னம் வருது” என்றார். கயிறு பட்டு உள்ளங்கை சிவந்த பிறகும் நிறுத்தவில்லை. தொட்டி விளிம்பு வரை நிறைந்தபோது, மீன் துள்ளி வெளியே விழக்கூடும் என்று அவருக்குப் பட்டது. மேலே கட்டியிருந்த வலையை அவிழ்த்து, தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் இறுக்கமாக விரித்து, ஓரங்களில் கற்களைச் செருகினார்.

“இனிப் பூனையும் எடுக்காது. ஒருத்தியும் எடுக்க மாட்டாள்” என்றார். கடல் வந்து போனதற்குப் பிறகு அவருடைய முகத்தில் அத்தகைய நிறைவை நான் கண்டது அதுவே முதல் தடவை.

வாப்பாவும் சாச்சியும் வந்து சேர மஃரிபு தாண்டி இருட்டிவிட்டது. களைப்பில் யாரும் தொட்டிப் பக்கம் போகவில்லை.

காலையில் சாச்சியின் குரல் கேட்டு நான் ஓடினேன். விரால்கள் அத்தனையும் வலையில் முகத்தை அழுத்தியபடி செத்துக் கிடந்தன. தண்ணீர் தெளிவாக இருந்தது. சாச்சி கையை விட்டு வலையைத் தடவினார். விளிம்புக் கற்களைத் தடவினார்.

“தொட்டிய ஆரு நிரப்பின?”

“நான்தான்” என்று பெரியும்மா வேலிக்கு அப்பாலிருந்து வந்தார். “நீ தவிக்க உட்டுட்டுப் போனதுக்கு.” அருகே வந்து பார்த்ததும் அவருடைய குரல் மாறியது. “என்னத்தப் போட்டாய் தண்ணிக்குள்ள?”

“நான் ஒண்டும் போடல்ல, ராத்தா.”

“போடாம எப்படிச் செத்த? நேத்து நான் பாக்கக்குள்ள உயிரோட இரிந்திச்சே! நஞ்சுதான் இது. இந்த மீனையா எங்கட புள்ளைக்கு ஆக்கிக் குடுத்தாய்?”

தம்பியைப் படுக்கையிலிருந்து தூக்கிவந்து, அவனுடைய நாக்கை வெளியே இழுத்துப் பார்த்தார். உப்பைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினார். அவன் வாந்தியெடுத்தான், வாந்தி எடுத்ததே நஞ்சுக்கு அத்தாட்சியாயிற்று. வளவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வாப்பா தொட்டியருகே வந்து நின்றார்.

சாச்சி அப்போதுதான் அதைச் சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

“ராத்தா, நஞ்சில்ல. விரால் மேல வந்துதான் மூச்செடுக்கும். தண்ணிக்கு மேல எடமில்லாமப் போச்சி. வலையும் மறிச்சிட்டுது. தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச் செத்திரிக்கி.”

பெரியப்பா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“அப்ப பிழை எங்களுக்குத்தான்” என்றார் பெரியப்பா. “மீனுக்கு நீச்சல் பழக்காம உட்டுட்டம்.”

வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியும்மா சிரிக்கவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சாச்சியின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

“தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச் சாகிற எப்படியெண்டு எங்களுக்குச் சொல்லித் தாறியா? இந்த ஊட்ல நிண்டா?”

சிரித்தவர்கள் வேலியை விட்டு நகர்ந்தார்கள். தான் சொன்னது அங்கே எப்படிக் கேட்டிருக்கிறது என்பது சாச்சிக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். வாப்பாவைப் பார்த்தார். வாப்பாவும் கடற்கரையில் வளர்ந்தவர். மீன் தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகும் என்பதை எப்படி நம்புவார்?

“போதும். நீ கதைக்காத” என்றார்.

அந்தச் சொல் போதுமாயிருந்தது. தகரப் பெட்டி அன்று பகலே இறக்காமத்துக்குத் திரும்பியது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. செத்த விரால்களைப் பெரியப்பா வாழையடியில் புதைத்தார். நஞ்சு மீனைப் பூனை தின்றுவிடக் கூடாது என்பது காரணம். புதைப்பதற்கு முன்பே பூனை ஒன்றைத் தின்றுவிட்டிருந்தது, நன்றாகவும் இருந்தது. அந்தச் சாட்சியை ஒருவரும் விசாரிக்கவில்லை.

பெரியும்மா எண்ணிப் பார்க்காத ஒன்று ஊர் வழக்கம். ஆண் இருக்க வேண்டியது மனைவியின் வீட்டில். சில கிழமைகள் வளவில் தனியாக நடமாடிவிட்டு, வாப்பா ஒரு பையில் உடுப்புகளை மடித்துக்கொண்டு இறக்காமத்துக்குப் போனார். அதைத் தடுப்பதற்குப் பெரியும்மாவிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை. வழக்கத்தை மீறியதற்காக வாப்பாவை அதுவரை வைதுகொண்டிருந்தவர் அவரே. நாங்கள் பெரியும்மாவின் வீட்டுக்கு மாறினோம். தம்பியின் கால் ஆறியது. எதனால் என்று எவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் வாப்பா ஜும்ஆவுக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். பிறகு யுத்தம் எங்கள் பக்கத்தில் மறுபடி மூண்டது. உள்ளூர்ப் பாதைகளில் சோதனைச் சாவடிகள் பெருகின. வயலுக்குப் போனவர்கள் பொழுது சாயுமுன் வீடு திரும்பினார்கள். வாப்பாவின் வெள்ளிக்கிழமைகள் குறைந்தன. எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்த அந்த வருடங்களில், எங்கள் வளவில் சாச்சியைச் சந்தேகிப்பது பழைய, பழகிப்போன ஒன்றாக, ஏறக்குறைய ஆறுதலாகவும் இருந்தது. இதற்கிடையில் கடல் மீன் எங்கள் சமையலறைக்குத் திரும்பியிருந்தது. எப்போது என்று எவரும் அறிவிக்கவில்லை. பெரியும்மா தங்கையைப் பற்றி விசாரிப்பதையும் அப்படியே ஒரு நாள் விட்டிருந்தார்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னதற்குப் பிறகு வந்த விடுமுறையில், வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் என்று செய்தி வந்தது. நானும் தம்பியும் புறப்பட்டபோது, பெரியும்மா தானும் வருவதாகச் சொன்னார். நான் பதின்மூன்று வயதுப் பெண்; நியாயம் விசாரிப்பதற்குத் தகுதி வந்துவிட்டதாக எண்ணியிருந்தேன்.

சாச்சி எங்களை வாசலில் வந்து அழைத்துப் போனார். பெரியும்மாவுக்குத் தலையணை கொண்டுவந்து வைத்தார். வாப்பா மெலிந்திருந்தார்; எங்களைக் கண்டு எழுந்து உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பெரியும்மா காலாற நடக்கவென்று வீட்டின் பின்புறம் போனார்; சாச்சியும் நானும் கூடப் போனோம். அங்கே வாய்க்கால் ஓரத்தில் ஒரு சிறு மடு. தண்ணீரின் மேல் சிவப்புத் துணியொன்று மிதப்பது போல ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது.

“என்ன புள்ள அது?”

“விரால் குஞ்சுகள், ராத்தா. சின்னதில சிவப்பாத்தான் இரிக்கும். கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்கிது. ஒண்டப் புடிச்சாலும் மற்றது உட்டுட்டுப் போகாது.”

பெரியும்மா கரையில் குந்தினார். சிவப்புக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெரிய தலை எழுந்தது, வாயைத் திறந்தது, அமிழ்ந்தது. மடு நிறையத் தண்ணீர் இருந்தது. சற்றுப் பொறுத்து மற்றத் தலை எழுந்தது. பெரியும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் போதாமல் அல்ல என்பது அவருக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அவருடைய கை மெல்ல நெஞ்சுக்குப் போனது.

“புள்ள,” என்றார், “அது மேல வாற… மூச்செடுக்கவா?”

சாச்சி அவருடைய முகத்தைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார்.

“இல்ல ராத்தா. இரைக்கு. பூச்சி புடிக்க வருது.”

“அப்ப அண்டைக்குச் செத்தது?”

“அது வருத்தம் புடிச்ச மீன், ராத்தா. வாளிக்குள்ள வரக்குள்ளயே நலிஞ்சிதான் இரிந்த. நான்தான் கவனிக்காம உட்டுட்டன்.”

பெரியும்மா நீண்ட மூச்சொன்றை விட்டார். “ம்… நானும் அப்படித்தான் நெனச்சன்” என்றார். சாச்சி அவருடைய கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். இருவரும் உள்ளே போய் வாப்பாவுக்குத் தேநீர் ஊற்றினார்கள்.

எனக்குப் பின்னால் ஒரு நீதிமன்றமே நின்றது போலிருந்தது. மூச்சு முட்டிச் செத்தது என்று அன்று சொன்னவர், இன்று இல்லை என்கிறார். இரண்டில் ஒன்று பொய். திரும்பிவரும் பஸ்ஸில் தம்பியிடம் அதைத் தெளிவாக நிறுவினேன்.

“பாத்தியா, அண்டைக்குச் சொன்னது பொய்தான். இண்டைக்கு அவவே வாயால சொல்லிட்டா.”

“ஆணம் நல்லாத்தானே இரிந்த” என்றான் தம்பி, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தபோது விராலைப் பற்றி வாசித்தேன். அதற்குச் செவுள்கள் மட்டும் போதா. செவுளுக்கு மேலே தலைக்குள் ஓர் அறை இருக்கிறது; காற்றை வாயால் எடுத்து அங்கே நிரப்பிக்கொண்டுதான் அது வாழ்கிறது. ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே நெடுநேரம் கிடக்கும். குளம் வற்றினால் சேற்றுக்குள் காத்திருக்கும். எத்தனை நல்ல தண்ணீரானாலும், மேலே வரும் வழியை மறித்துவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். சாச்சி அன்று சொன்னது அவ்வளவும் உண்மை.

உண்மை எது என்பது அவ்விதம் தெரிந்துவிட்டது. பொய் எதற்காக என்பது தெரியப் பின்னும் காலம் எடுத்தது. மூச்சுக்காக மேலே வந்துகொண்டிருந்த உயிர்களுக்கு மேல் தன் கையால் வலையை இறுக்கியதாகப் பெரியும்மா அறிய நேர்ந்திருந்தால், அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடும்போதெல்லாம் அந்தத் தொட்டியில் மீன்களை மட்டும் கண்டிருக்க மாட்டார். சாச்சி அந்த மடுவின் கரையில் நின்று அதைக் கண்டிருந்தார். அவருக்கு அருகில் நின்ற நான், அவர் சொன்ன பொய்யை மட்டும் கண்டேன்.

வாப்பாவை இறக்காமத்தில் அடக்கினோம். பெரியப்பாவும், அவருக்குப் பிறகு பெரியும்மாவும் மவுத்தானார்கள். தம்பி கட்டாரில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கொரு முறை வருவான். உம்மாவின் வீடு, ஊர் வழக்கப்படி, எனக்கு வந்தது. அந்த வீட்டில் இப்போது சாச்சியும் நானும் இருக்கிறோம்.